உலக மகளிர் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப்

உலக மகளிர் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப், அமெச்சூர் குத்துச்சண்டை வீராங்கனைகளுக்கான பன்னாட்டுப் போட்டி. முதல் போட்டி 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஸ்க்ராண்டன் நகரில் நடந்தது. ஆண்களுக்கான உலகப் போட்டி 1974இலேயே கியூபாவின் ஹவானாவில் தொடங்கிவிட்டது. 2012 வரை ஒலிம்பிக் வளையம் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. எனவே நீண்ட காலம் இந்தப் போட்டியே குத்துச்சண்டையில் ஒரு பெண் எட்டக்கூடிய உச்சமாக இருந்தது.

அந்த இடத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. ஸ்வீடன் 1988இல் பெண்களின் அமெச்சூர் போட்டிகளுக்கு அனுமதி தந்தது. அமெரிக்காவில் டல்லாஸ் மல்லாய் என்ற 16 வயதுப் பெண் நீதிமன்றம் சென்று தடையை உடைத்தார். 1993இல் அங்கு அதிகாரபூர்வமான முதல் பெண்கள் மோதல் நடந்தது. உலக அமைப்பான சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1994இல் பெண்களை ஏற்றது. இங்கிலாந்து 1996இல் தடையை நீக்கியது. அயர்லாந்தில் அனுமதி பெற்ற முதல் மோதல் 2001 அக்டோபர் இறுதியில்தான் டப்ளினில் நடந்தது. அதில் களமிறங்கியவர் 15 வயது கேட்டி டெய்லர். அதற்கு முன் ஆண்பிள்ளை வேடத்தில் வளையம் ஏறியவர் அவர்.

இந்தியாவில் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி 2001 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்றது. அங்கே தங்கம் வென்ற மணிப்பூர்ப் பெண் மேரி கோம், அதே ஆண்டு ஸ்க்ராண்டனில் 48 கிலோ பிரிவில் இறுதிவரை சென்று, துருக்கியின் ஹூலியா ஷாஹினிடம் தோற்று வெள்ளி பெற்றார். மறு ஆண்டு துருக்கியின் அந்தால்யாவில் 45 கிலோ பிரிவில் தங்கம். அடுத்து 2005இல் ரஷ்யாவின் பதோல்ஸ்க் நகரில் மீண்டும் தங்கம்.

2006இல் போட்டி புது தில்லிக்கு வந்தது. அப்போது 13 எடைப் பிரிவுகள் இருந்தன. இந்தியா 4 தங்கம் உட்பட 8 பதக்கங்களுடன் முதலிடம் பிடித்தது. மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி லால்ரெம்லியானி, கேரளத்தின் கே.சி. லேகா ஆகியோர் தங்கம் வென்றவர்கள். அந்த நால்வரில் மேரி கோம் பெயர் மட்டுமே ஊரெங்கும் நிலைத்தது. மற்ற மூவருக்கும் உரிய புகழ் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு என்பதால் அன்று செய்தித்தாள்களிலும் அரசுகளிடத்திலும் அதற்கு மதிப்புக் குறைவாகவே இருந்தது. அயர்லாந்தின் கேட்டி டெய்லர் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றதும் தில்லியில்தான். 60 கிலோ பிரிவில் 2014 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்களை அவர் கைப்பற்றினார்.

2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற மேரி கோம், மறு ஆண்டே சீனாவின் நிங்போவில் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 2006, 2008, 2010 என்று மூன்று இறுதிப் போட்டிகளிலும் அவரிடம் தோற்றவர் ருமேனியாவின் ஸ்டெலுட்சா டுட்சா. வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் டுட்சாவே அந்தப் பிரிவின் அரசியாகியிருப்பார்.

2009 ஆகஸ்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு, லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்க்க முடிவு செய்தது. கிடைத்தவை 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள். உலகப் போட்டியிலும் எடைப் பிரிவுகள் பத்தாகச் சுருங்கின. மேரி கோம் 46இலிருந்து 48க்கும், ஒலிம்பிக்குக்காக 51க்கும் ஏறி, தன்னைவிடப் பெரிய உடல்வாகு கொண்டவர்களோடு மோத வேண்டியிருந்தது. லண்டனுக்குத் தகுதிப் போட்டியாக அமைந்த 2012 சின்ஹுவாங்தாவ் உலகப் போட்டியில் அவர் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் காலிறுதியில் வீழ்ந்தார். லண்டனில் ஆடம்ஸ் தங்கமும் மேரி கோம் வெண்கலமும் பெற்றனர். 60 கிலோவில் டெய்லரும், 75 கிலோவில் அமெரிக்காவின் கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸும் தங்கம் வென்றனர். ஷீல்ட்ஸ் பின்னர் 2014, 2016 உலகப் போட்டிகளிலும் வாகை சூடினார்.

இதே காலத்தில் வீராங்கனைகள் பாவாடை அணிய வேண்டும் என்ற யோசனை எழுந்தது. 2010இல் பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் நடந்த உலகப் போட்டியில் சங்கம் அந்த உடையை அறிமுகப்படுத்தியது. பார்ப்பவர்களுக்கு ஆண் பெண் வேறுபாடு தெரிய வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். குத்தும் தடுப்பும் பற்றிய விளையாட்டில் இப்படியொரு கவலை தேவையே இல்லை. டெய்லர் உள்ளிட்டோர் வெளிப்படையாக மறுத்தனர். எதிர்ப்பு வலுத்ததால் பாவாடை கட்டாயமாகவில்லை, விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆட்ட நேரத்தில் சமநிலை இன்னும் தாமதமாகவே வந்தது. இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு என்று இருந்த பெண்களின் ஆட்டம், 2017 முதல் ஆண்களைப் போலவே மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்றாக மாறியது.

2018இல் மீண்டும் புது தில்லி. மூன்று பிள்ளைகளின் தாயாகிவிட்ட மேரி கோம், தம் 35ஆம் வயதில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை வென்று ஆறாம் தங்கத்தைப் பெற்றார். பெண்களில் வேறெவருக்கும் இல்லாத எண்ணிக்கை அது. ஆண்களில் கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன் அதே ஆறை எட்டியிருந்தார். கொசோவோ வீராங்கனை டோன்ஜெட்டா சடிக்குவுக்கு இந்தியா விசா தராததால் அவரால் அந்தப் போட்டியில் பங்கேற்க முடியவில்லை. உலகப் போட்டி நடத்தும் நாட்டுக்கு அது அழகல்ல. 2019இல் உலான்-உதேயில் பெற்ற வெண்கலம் மேரி கோமின் எட்டாவது உலகப் பதக்கம். தெலங்கானாவின் நிகத் ஜரீன் 2022இல் இஸ்தான்புலில் தாய்லாந்தின் ஜுடாமாஸை 5-0 என வென்று புதிய தலைமுறையின் முதல் பட்டத்தைக் கொணர்ந்தார்.

நிர்வாகம் மட்டும் சீர்கெட்டபடியே இருந்தது. நிதி, நடுவர் தீர்ப்பு, தலைமை குறித்த புகார்களால் ஒலிம்பிக் குழு 2019இல் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. 2023இல் தில்லியில் நடந்த போட்டியில் ரஷ்யாவும் பெலாரஸும் தம் கொடியுடன் அனுமதிக்கப்பட்டதால் அமெரிக்கா, அயர்லாந்து உள்ளிட்ட பல நாடுகள் புறக்கணித்தன. இந்தியாவுக்கு 4 தங்கம் கிடைத்தது: நீத்து கங்காஸ், நிகத், லவ்லினா போர்கோஹைன், ஸ்வீட்டி பூரா. அதே போட்டியில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃப், தைவானின் லின் யூ-டிங் இருவரும் தகுதி விதிகளைக் காட்டி நீக்கப்பட்டனர். அந்த முடிவைத் தன்னிச்சையானது என்றது ஒலிம்பிக் குழு. இருவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர். விவாதமும் உலகெங்கும் பரவியது.

தில்லிப் போட்டி முடிந்த சில மாதங்களில், 2023 ஜூனில், ஒலிம்பிக் குழு பழைய சங்கத்தின் அங்கீகாரத்தை முழுமையாகப் பறித்தது. அதே ஆண்டு உருவான வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்பு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம் பெற்றது. அதன் முதல் உலகப் போட்டி 2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அரங்கில் நடந்தது. பெண்கள் பிரிவில் மரபணுப் பாலினச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவின் ஜாஸ்மின் லம்போரியா 57 கிலோவிலும் மீனாட்சி ஹூடா 48 கிலோவிலும் தங்கம் வென்றனர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான எடைப் பிரிவுகள் லண்டனில் 3, டோக்கியோவில் 5, பாரிஸில் 6 என உயர்ந்தன. 2028 லாஸ் ஏஞ்சலஸில் முதன்முறையாக ஆண்களுக்கு 7, பெண்களுக்கும் 7.