வியாழனில் பதிந்த கரும்புள்ளி

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயரெடுத்த எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயின் கரையில் இருட்டிய பிறகு நின்றால், வானம் முழுக்கக் கண்ணுக்குள் வரும். 1994 ஜூலை மாதத்து முன்னிரவுகளில் உச்சியிலிருந்து சற்றே மேற்கில் சாய்ந்து வியாழன் பளிச்சென்று நின்றது. வெறுங்கண்ணுக்கு வழக்கமான வெளிச்சம்தான். ஆனால் 16ஆம் தேதி முதல் 22ஆம் தேதி வரை, ஷூமேக்கர் லெவி 9 என்ற வால்வெள்ளியின் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டிருந்தன. பூமியைவிடப் பெரிய கறுப்புத் தழும்புகள் விழுந்தன. சிறிய தொலைநோக்கியிலேயே தெரிந்தன.

இவ்வளவு எளிதாகத் தெரிவது, முன்பு எப்போதாவது நடந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டுமே?

புகைப்படம் வருமுன் வானியலாளருக்குக் கண்ணும் கையும்தான் துணை. கண்டதை வரைந்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப்போன ஜப்பானியர் இஷி தாபேயும் அவருடைய தோழர்களும் 1997இல் ஒரு சேதி சொன்னார்கள். 1690 டிசம்பரில், பாரிஸ் வானாய்வகத்தில் வானியலாளர் காசினி வரைந்த வியாழனில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது!

புள்ளி என்றால் வியாழனின் நிலா ஒன்றின் நிழலாக இருக்கலாமே? நிழல் சில மணி நேரத்தில் கடந்துவிடும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. காசினியின் புள்ளியோ சுற்றுக்குச் சுற்றுத் திரும்பி வந்தது. டிசம்பர் 5 முதல் 23 வரை, பதினெட்டு நாட்கள். முதலில் உருண்டையாக இருந்தது, பிறகு காற்றில் இழுபட்டு நீண்டது. 1994இன் தழும்புகளும் இப்படித்தான் கலைந்தன. கையால் வரைந்த படம் என்பதால் மோதலின் தழும்புதான் என்று முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் படங்களின் வரிசையை நான் நம்புகிறேன். ஒரே நாளின் படம் என்றால் கைப்பிழை எனலாம். நாள்தோறும் ஒழுங்காக மாறும் பிழை ஏது?

காசினி இப்படி வரைவதற்கு ஓராண்டு முன்னால், 1689 டிசம்பரில், நம் கரையோரத்துப் புதுச்சேரியிலும் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். யேசு சபைப் பாதிரியார் ரிஷோ. வால்வெள்ளியைப் பார்க்கப் போனவர், ஆல்பா செண்டாரி ஒன்றல்ல, இரண்டு விண்மீன்கள் என்று கண்டார். அவரும் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி, தன் சொந்தத் தொலைநோக்கியில் வியாழனின்மேல் இன்னொரு தழும்பைக் கண்டுபிடித்தார். 1994க்குப் பிறகு பதினைந்தே ஆண்டுகள். அப்படியானால் காசினிக்கும் 1994க்கும் இடைப்பட்ட முந்நூறு ஆண்டுப் படக்கட்டுகளில் இன்னும் எத்தனை புள்ளிகள் கிடக்கின்றனவோ!