காரவள்ளிக்கு முன்னே ஒரு கரடு

சித்தர்களைத் தேடிக் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்குக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் மீதே கண். கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று மனம் முன்னாலேயே மலையேறிவிடும். வழியில் சேந்தமங்கலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் குறைவு. சித்தர்களின் காலத்தைக் கணிக்க ஏடுகளோடு மல்லாட வேண்டும். ஆண்டும் ஊரும் சொல்லி வரலாறு எழுதக்கூடிய ஒரு துறவி, மலையேறாமல் அடிவாரத்துக் கரட்டிலேயே தங்கியிருக்கிறார்.

சுயம்பிரகாச பிரம்மேந்திர சரஸ்வதி அவதூத சுவாமிகள். 1871-ல் விழுப்புரத்தை அடுத்த கல்பட்டில் பிறந்தவர். இளமையிலேயே வீட்டைத் துறந்து வடநாட்டுத் தலங்களில் அலைந்தார். அவருக்குக் குருவாக வாய்த்தவர் ஜட்ஜ் சுவாமிகள். நீதிபதி நாற்காலியை உதறிவிட்டு வந்தவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை! நெரூர் சதாசிவ பிரம்மேந்திரர் மரபில் வந்த அவருடைய சமாதி புதுக்கோட்டையில் இருக்கிறது.

துறவிலும் படிகள் உண்டு. தண்டம், கமண்டலம், காவி, மடம் என்று சிலவற்றை வைத்துக்கொள்பவர்கள் ஒரு வகை. அவையும் சுமைதான் என்று இறக்கிவைத்தவர் அவதூதர். நம் சுவாமிகள் உடுத்தும் துணியையும் விட்டவர். பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில், யது மன்னனிடம் ஓர் அவதூதர் தம் 24 குருமார்களைச் சொல்கிறார். பூமி, காற்று, தேனீ, பிங்களை என்ற கணிகை எல்லோரும் அதில் உண்டு. மலைப்பாம்பும் ஒரு குரு. தேடி அலையாமல், வந்ததை உண்டு கிடக்கும் பிராணி. அலைந்து திரிந்தவர் ஒரு கரட்டுக் குகையில் வந்து அமர்ந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பாகவதம் சொல்லும் அந்த அவதூதரைத் தத்தாத்ரேயர் என்றே மரபு கொள்கிறது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஊருக்கு ஊர் வணங்கப்படும் தத்தருக்குத் தமிழ்நாட்டில் கோயில்கள் சொற்பம். சேந்தமங்கலத்துக் கரட்டில் அவருக்குச் சந்நிதி எழுந்தது சுவாமிகளால்தான். தத்தகிரி என்ற பெயரும் நிலைத்துவிட்டது. 1948-ல் சித்தியடைந்த சுவாமிகளின் அதிஷ்டானமும் அங்கேயே. துறவியை எரிப்பதில்லை, அமர்ந்த நிலையிலேயே மண்ணுக்குள் வைப்பது வழக்கம்.

இதற்கு அடுத்த தலைமுறைதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஒட்டுத்துணியும் வைத்துக்கொள்ளாத இந்தக் குருவுக்குச் சீடராக வந்த சாந்தானந்த சுவாமிகள், கோயில் எழுப்புவதில் சளைக்காதவர். புதுக்கோட்டையில் ஜட்ஜ் சுவாமிகளின் சமாதித் தலத்தில் புவனேஸ்வரியைக் கொண்டாட வைத்தார். 1971-ல் சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமம் கண்டார். அங்கே முருகனுக்கு எதிரே 18 கைகளோடு மகாலட்சுமி. யாகங்களுக்கும் குடமுழுக்குகளுக்கும் கூட்டம் அலைமோதியது. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி பின்னாளில் பரமகுருவைத் தேடிச் சேந்தமங்கலத்துக் கரட்டுக்கும் வரத் தொடங்கியது.