யாரும் போடாத உத்தரவு

துருக்கியில் நெடுநாளாக ஒரு சொற்பட்டியல் வாய்வழியாகச் சுற்றி வருகிறது. பேருந்தை 'ஓட்டோபுஸ்' என்று சொல்லக்கூடாதாம். 'சோக் ஓத்துர்கச்லி கோத்துர்கெச்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். பல இருக்கைகள் உள்ள கொண்டுசெல்லி என்று அதற்குப் பொருள். விமானப் பணிப்பெண்ணுக்கு 'கோக் கோனுக்சல் அவ்ரத்', அதாவது வானத்தில் விருந்தினரைக் கவனிக்கும் பொம்பளை. தேசிய கீதத்துக்கு 'உலுசல் தூத்துரு'. நம் வழக்கில் சொன்னால் தேசியப் பீப்பீ. கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிச் செய்யும் 'இமாம் பயில்தி' என்ற பெயர்பெற்ற பதார்த்தத்தையும் விடவில்லை. 'இமாம் மயங்கினார்' என்ற பழைய பெயர் போய், 'சொக்கிப்போன சமய ஆள்' என்று ஆகிவிட்டதாம்.

இத்தனைக்கும் காரணம் என்று கைகாட்டப்படுவது துருக்கிய மொழிக் கழகம். ஆனால் அந்தக் கழகம் இப்படி ஓர் உத்தரவைப் போடவே இல்லை. இவற்றைத் தான் பரிந்துரைக்கவில்லை என்று அது பலமுறை மறுத்திருக்கிறது. அதன் அகராதியிலும் பேருந்துக்கு ஓட்டோபுஸ், பணிப்பெண்ணுக்கு ஹோஸ்தெஸ் என்றே இருக்கிறது. பட்டியல் முழுவதும் மொழிச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள் கேலிக்காகக் கட்டியது.

கட்டியவர்கள் ஓரிடத்தில் தடயத்தை விட்டிருக்கிறார்கள். பெண்ணை மட்டமாகக் குறிக்கும் 'அவ்ரத்' அரபியிலிருந்து வந்த சொல். அரபியையும் பாரசீகத்தையும் களைவதற்கென்றே தோன்றிய கழகம், தானே ஆக்கும் புதுச்சொல்லுக்குள் அரபியைக் கொண்டுவந்து வைக்காது. பணிப்பெண்ணுக்குப் பெயர் வைப்பது பட்டியலைக் கட்டியவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. கேட்பவர் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பு கழகத்தின் மேல் விழ வேண்டும்.

அப்படியும் மக்கள் ஏன் நம்பினார்கள்? விடை 1930களில் இருக்கிறது.

உதுமானியப் பேரரசின் எழுத்துமொழியில் அரபியும் பாரசீகமும் அடர்ந்து கிடந்தன. அரசாணை எழுதும் மொழி ஊர்ச்சந்தைக்குப் புரியாது. குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க் முதலில் எழுத்தை மாற்றினார். 1928 நவம்பரில் அரபு எழுத்து விலகி லத்தீன் எழுத்து சட்டமானது. 1932 ஜூலை 12 அன்று மொழிக் கழகம் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இஸ்தான்புல்லின் தோல்மாபாசே அரண்மனையில் அதன் முதல் மாநாடு கூடியது. பிறகு நாடு முழுவதும் சொல்வேட்டை. ஆசிரியர்களும் அதிகாரிகளும் ஊர் ஊராக வட்டார வழக்குகளைக் குறித்து அனுப்பினார்கள். பழைய ஏடுகளையும் கழகம் சலித்தது.

சேர்ந்ததெல்லாம் 1934-இல் 'தராமா தெர்கிசி' என்ற தொகுப்பாக வந்தது. அங்கேதான் குழப்பம் தொடங்கியது. அன்பளிப்பைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லுக்கு மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றுகள் அதில் இருந்தன. பேனாவுக்கு ஆறேழு. பத்திரிகைக்காரர்கள் கட்டுரையைப் பழைய மொழியில் எழுதிவிட்டு, சொல்மாற்றுவதற்கென்றே இருந்த ஊழியரிடம் கொடுப்பார்கள். அவர் தொகுப்பைப் புரட்டித் தமக்குப் பிடித்த சொல்லைப் போடுவார். பக்கத்துப் பத்திரிகையில் அதே பொருளுக்கு வேறொரு சொல் வரும். அந்த ஆண்டு அக்டோபரில் ஸ்வீடன் பட்டத்து இளவரசருக்கு அளித்த விருந்தில் அத்தாதுர்க்கே புதுச்சொற்கள் நிறைந்த உரை ஒன்றை வாசித்தார். இன்றைய துருக்கியருக்குக்கூட அகராதி இல்லாமல் அது புரியாது.

பேனாவுக்கு அந்தத் தொகுப்பு தந்த மாற்றுகளில் ஒன்று 'யஸ்கச்'. எழுதும் கருவி என்று பொருள். வடிகட்டிக்குத் துருக்கியில் 'சூஸ்கெச்', குறட்டுக்கு 'கிஸ்கச்'. '-கச்', '-கெச்' என்ற இந்த விகுதி பழமையானது, வழக்கில் உள்ளது. போலிப் பேருந்துச் சொல்லை உருட்டியவர்களும் இதே விகுதியைத்தான் எடுத்தார்கள். உண்மையான பட்டறையின் உண்மையான உளியால் செய்த போலி என்பதால்தான் அது இவ்வளவு நாள் நின்றது.

இந்த உத்தி துருக்கிக்கு மட்டும் உரியதன்று. 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பிலிப் ஃபோன் சேசன் என்ற எழுத்தாளர் லத்தீன், பிரெஞ்சுச் சொற்களுக்கு மாற்று தேடினார். மூக்குக்கு 'முகத்தின் மாடம்' என்று அவர் பெயர் வைத்ததாக இன்றும் சொல்கிறார்கள். அதுவும் கேலிக்காக அவர் தலையில் கட்டப்பட்டதே. முகவரிக்கும் இடைவெளிக்கும் அவர் தந்த 'அன்ஷ்ரிஃப்ட்', 'அப்ஷ்டாண்ட்' என்ற சொற்களை ஜெர்மானியர் தினமும் புழங்குகிறார்கள். ஆக்கியவர் பெயர் நினைவில் இல்லை. மறந்துபோவது வென்ற சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதை.

துருக்கியிலும் அப்படியே. விமானத்துக்கு 'உச்சக்', பள்ளிக்கு 'ஓகுல்', கணினிக்கு 'பில்கிசயார்' என்று சொல்லும் குழந்தைக்கு இவை புதுச்சொற்கள் என்றே தெரியாது. 1937-இல் ஆசிரியர் பெயரில்லாமல் ஒரு சிறு வடிவியல் நூல் வெளியானது. எழுதியவர் அத்தாதுர்க். முக்கோணத்தைக் குறிக்கும் 'உச்கென்' அதிலிருந்துதான் வகுப்பறைக்கு வந்தது.

சண்டை அதோடு ஓயவில்லை. 1945-இல் அரசியலமைப்புச் சட்டத்தைத் தூய துருக்கியில் மாற்றி எழுதினார்கள். 1952-இல் ஆட்சியிலிருந்த ஜனநாயகக் கட்சி அதைப் பழைய மொழிக்கே திருப்பியது. 1970களில் ஒருவர் பேசத் தொடங்கியதுமே அவர் இடதா வலதா என்று சொல்லை வைத்துக் கணித்தார்கள். புதுச்சொல் இடதுக்கு, பழஞ்சொல் வலதுக்கு. 1985-இல் அரசு ஒலிபரப்பு நிறுவனமான டி.ஆர்.டி. 205 சொற்களுக்குத் தடை விதித்தது. புரட்சியைக் குறிக்கும் 'தெவ்ரிம்' அவற்றுள் ஒன்று. கற்பனைப் பட்டியலைப் போலத் தோன்றும் இந்தத் தடை உண்மையாகவே நடந்தது. அதை விதித்தவர்கள் தூய்மைவாதிகள் அல்லர், புதுச்சொற்களை வெறுத்தவர்கள். அன்றாடப் பேச்சில் கைவைக்கும் ஆசை இரண்டு தரப்புக்கும் இருந்தது.

போலிப் பட்டியல் செய்த பெரிய கேடு, உண்மையான இழப்பை அது மறைத்ததுதான். 1927 அக்டோபரில் அத்தாதுர்க் ஆறு நாட்களில் சுமார் 36 மணி நேரம் நிகழ்த்திய 'நுதுக்' உரை துருக்கிக் குடியரசின் பிறப்பைச் சொல்லும் ஆவணம். 1960களில் அதை இளைய தலைமுறைக்காக இக்காலத் துருக்கியில் மாற்றி எழுத வேண்டி வந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள், நாட்டை நிறுவியவரின் பேச்சு பேரப்பிள்ளைகளுக்கு எட்டாததாகிவிட்டது. துருக்கிய மொழியை ஆராய்ந்த அறிஞர் ஜெஃப்ரி லூயிஸ் 1999-இல் எழுதிய வரலாற்றில் இந்தச் சீர்திருத்தத்தைப் பேரழிவான வெற்றி என்று குறிப்பிட்டார். அந்த வெற்றியையும் அழிவையும் எடைபோட நினைப்பவர்கள், யாரும் போடாத உத்தரவை விட்டுவிட்டு நுதுக்கிலிருந்து தொடங்குவதே நியாயம்.