தமனகனுக்குத் தண்டனை

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியான மித்திரபேதத்தில் கடைசியில் வெல்பவன் தமனகன் என்ற நரி. பிங்கலகன் என்ற சிங்கத்தையும் சஞ்சீவகன் என்ற எருதையும் நண்பர்களாக்கியவனே அவன்தான். அந்த நட்பால் தன் இடம் போனதும் இருவரிடமும் மாறிமாறிக் கோள் சொல்லி மோதவிடுகிறான். எருது செத்துவிழ, சிங்கம் அழுகிறது. தமனகன் அதைத் தேற்றிவிட்டு மந்திரியாகத் தொடர்கிறான். வஞ்சகன் அவன்தான், ஐயமில்லை. ஆனால் சிங்கம் மட்டும் நல்லவனா? எருதின் முக்காரத்தைக் கேட்டே நடுங்கிய அரசன் அவன். பிறகு தீர விசாரிக்காமல் நண்பனைக் கொன்றவன். குற்றமற்றது எருது ஒன்றுதான். அதற்குத்தான் சாவு.

இந்த முடிவைத் தாங்க முடியாமல் போனது இன்றைய பெற்றோருக்கு மட்டுமல்ல. ஆறாம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோவின் காலத்தில், புர்சோய் என்ற மருத்துவர் இந்நூலைப் பகலவி மொழிக்குக் கொண்டுபோனார். எட்டாம் நூற்றாண்டில் அதை அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆக்கிய இப்னுல் முகஃபா, திம்னா எனப் பெயர் மாறிய நம் தமனகனை ஒரு புதிய அத்தியாயத்தில் விசாரணைக்கு நிறுத்தித் தண்டிக்கிறார். அதே பகலவி நூலிலிருந்து 570 வாக்கில் செய்யப்பட்ட பழைய சிரியாக் மொழிபெயர்ப்பில் இந்த விசாரணை இல்லை. ஆகவே அதைச் சேர்த்தவர் அவரே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் அங்கும் நீதி எளிதில் கிடைப்பதில்லை. திம்னா தன் வாதத்தால் குற்றம் சாட்டுவோரைத் திணறடிக்கிறான். சாட்சிகள் வந்த பிறகே தீர்ப்பு. கதையை நேராக்க வந்தவரும் தீயவனை முட்டாளாக்கவில்லை.

பஞ்சதந்திரம் அரசியல் நூல், குழந்தை நூலே அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அமரசக்தி மன்னனின் மூன்று மந்தபுத்திப் பிள்ளைகளை ஆறே மாதத்தில் தேற்ற விஷ்ணுசர்மன் சொன்னவை இவை என்றே நூல் தொடங்குகிறது. அது கற்பனையாகவே இருக்கட்டும். படிப்பே ஏறாத சிறுவர்களுக்கும் இவற்றைச் சொல்லலாம் என்று நினைத்த ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று. சூழ்ச்சி வெல்வதைக் கேட்டால் பிள்ளைகள் சூழ்ச்சிதானே கற்பார்கள் என்ற அச்சம் இன்னும் கனமானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தமனகனைக் கண்டிக்கும் குரலும் கதைக்குள்ளேயே இருக்கிறது: அவன் தோழன் கரடகன் இடித்துரைத்துக்கொண்டே இருக்கிறான். அறத்துக்கு அங்கே வெற்றிதான் இல்லை, வாய் உண்டு. கேட்கும் பிள்ளை இருவரையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

நம் படப்புத்தகங்கள் பறித்துக்கொண்டது இந்த வேலையைத்தான். முயல் சிங்கத்தைக் கிணற்றில் விழவைக்கும் கதை எல்லாக் குழந்தைக்கும் தெரியும்: கொடுங்கோலன் ஒழிந்தான், சிறியவன் பிழைத்தான். மூலத்தில் அதைக் கரடகனுக்குச் சொல்பவன் தமனகன். வலியவனையும் தந்திரத்தால் வீழ்த்தலாம், என் திட்டமும் பலிக்கும் என்று நிறுவ அவன் எடுத்துக்காட்டும் கதை அது. காகம் பொன்மாலையைக் கொண்டு பாம்பை ஒழித்த கதையும் அவன் வாயிலிருந்து வருவதே. சொன்னவனை நீக்கியதும் இரண்டும் மாசற்ற நீதிக்கதைகளாகிவிட்டன. மூன்று வயதுப் பிள்ளைக்கு முயல் மட்டும் போதும். பத்து வயதில், அந்தக் கதையை யார், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்துக் கொடுக்கும் பதிப்புகள் வேண்டும்.