நீலத்துணி நெய்த ஊரில் ஒரு துணிப்பை



சென்ற மழைக்காலத்தில் எமது மதரஸாவின் வாசலில் ஒரு சிறுமியின் ஞெகிழிப் பை கிழிந்தது. உள்ளிருந்த குர்ஆன் ஈரத் தரையில் விழுமுன் அவளுடைய அண்ணன் கைநீட்டிப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகளின் கிதாபுகளுக்கு உறுதியான துணிப்பைகளை வீட்டிலேயே தைக்கலாம் என்று அன்று முடிவு செய்தோம். அப்போது, துணியால் உலகறிந்த நமது புதுச்சேரியின் வரலாறும் நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சுக்காரர் 1674இல் இவ்வூரில் நிலைகொண்டனர். அவர்கள் இங்கிருந்து ஏற்றிச் சென்ற சரக்குகளுள் முதன்மையானது பருத்தித் துணி. அவற்றுள் ‘கினி’ என்று அவர்கள் பெயரிட்ட நீலத்துணி தனிச்சிறப்புடையது. சுற்றுப்புறத் தறிகளில் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்து, மினுமினுப்பு ஏறும்வரை கட்டையால் அடித்துப் பதப்படுத்திய கெட்டித் துணி அது. கப்பலேறிய அத்துணி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை வரை சென்றது.

அங்கே சஹாராப் பாலைவனத்து முஸ்லிம்கள் வேல மரத்துப் பிசினைச் சேகரித்து ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அச்சந்தைகளில் நாணயத்தின் இடத்தை நமது நீலத்துணி வகித்தது. ஒரு துண்டுத் துணிக்கு இத்தனை எடைப் பிசின் என்றே பேரம் நடந்தது. ஐரோப்பிய ஆலைகள் அதே போன்ற துணியைச் செய்து அனுப்பியபோது, பாலைவனத்தார் தொட்டும் முகர்ந்தும் வேறுபாட்டைக் கண்டறிந்து நெடுங்காலம் ஏற்க மறுத்தனர். நெசவாளரின் முகம் அறியாதவர்கள் அவரது வேலையின் தரத்தை அறிந்திருந்தனர்.

இவ்வரலாற்றில் பெருமை மட்டுமே இருப்பதாகக் கூறினால் அது நீதியாகாது. அடிமை வாணிகத்தில் மனிதருக்கு விலையாகவும் இத்துணி கொடுக்கப்பட்டது. நெய்தவரின் உழைப்பு தூய்மையாக இருந்தும், வணிகரின் கை தூய்மையாக இல்லை.

பின்னர் ஆலைகளின் காலம் வந்தது. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898இல் தொடங்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர் உரிமை கேட்டுப் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அந்தத் தியாகத்தின் பயனாகக் கிடைத்தது. அந்த ஆலையும் 2020இல் மூடப்பட்டது. அவ்வாறு துணியால் வாழ்ந்த ஊரில், இன்று ஒரு கிலோ அரிசிக்கும் ஞெகிழிப் பையை எதிர்பார்த்துக் கைநீட்டுகிறோம்.

ஆயினும் நமது இல்லங்களில் தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒரு பைக்குக் கெட்டியான காடாத் துணி ஒரு மீட்டர் போதும். வெட்டுமுன் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் பை சுருங்கிவிடும். 40 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரே துண்டை நடுவில் மடித்தால், பாரம் தாங்கும் அடிப்பகுதியில் தையலே இராது. பக்கங்களை இருமுறை தைக்க வேண்டும். கைப்பிடியின் நுனிகளை வாய்ப்பகுதியிலிருந்து நான்கு விரல் அளவு கீழிறக்கி, சதுரமாகவும் அதனுள் குறுக்காகவும் தைக்க வேண்டும். பெரும்பாலான பைகள் கைப்பிடி சேரும் இடத்திலேயே பிரிகின்றன.

இரண்டாம் தையல் வெளியே தெரிவதில்லை. அதை விட்டுவிட்டாலும் பார்ப்பவர் அறியார். பாரம் ஏறும் நாளில் பை அறிவித்துவிடும். பிறர் காணாத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்வதே அமானிதம். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே ஊசி பிடிப்பதை ஆண் பிள்ளைகளும் இழிவாகக் கருதலாகாது.

நமது மதரஸாவுக்கான முதல் பைகளை அந்தச் சிறுமியின் தாயாரே தைத்துத் தந்தார். ஒவ்வொரு கைப்பிடியையும் இழுத்துப் பார்த்த பிறகே எங்களிடம் கொடுத்தார். செனகல் ஆற்றங்கரையில் துணியைத் தொட்டுப் பார்த்த கைகளை அப்போது நினைத்துக்கொண்டோம்.

நமது உழைப்பில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.