பொட்டாசியம் கால்வாய்களும் செந்தேள் நஞ்சும்

செல் சவ்வின் ஊடே பொட்டாசியம் அயனிகளை மட்டும் கடத்தும் புரதங்கள் பொட்டாசியம் கால்வாய்கள் எனப்படும். நரம்பும் இதயத் தசையும் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய மின்னிலைக்குத் திரும்புவது, இவை உரிய நேரத்தில் திறந்து மூடுவதால்தான்.

பெரும்பாலானவற்றில் நான்கு புரத அலகுகள் வட்டமாக நின்று நடுவில் துளை அமைக்கின்றன. துளையின் வெளிமுனையருகே ஒரு குறுகலான வடிகட்டி. நீரில் பொட்டாசியம் அயனியைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் இங்கே கழன்றுவிடும். அதே இடைவெளியில் புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் நின்று அயனியைத் தாங்கும். சோடியம் அயனி சிறியது, ஆனால் அந்தப் பிடி அதற்குப் பொருந்தாததால் நுழைவதில்லை. இந்த நுட்பத்தை 1998-இல் ஒரு பாக்டீரியக் கால்வாயின் படிக அமைப்பால் காட்டிய ராடெரிக் மெக்கின்னன், 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பீட்டர் ஆக்ரேயுடன் பகிர்ந்துகொண்டார்.

பல கால்வாய்களில் கதவு உள்முனையில் உள்ளது. நான்கு சுருள்கள் குவிந்தால் மூடும், விரிந்தால் திறக்கும். மின்னழுத்தத்தால் இயங்குபவற்றில், சவ்வின் மின்னிலை மாறும்போது நேர்மின்னேற்றமுள்ள ஒரு சுருள் வெளிநோக்கி நகர்ந்து கதவைத் திறக்கிறது. கணையத்தில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கூடினால் ஒருவகைக் கால்வாய் மூடி இன்சுலின் சுரக்கும். நீரிழிவுக்கான கிளிமெபிரைடு மாத்திரை மூடுவதும் அதையேதான். இரத்தக்குழாய்த் தசையிலுள்ள, பிகே (BK) எனப்படும் கால்வாயைத் திறப்பவை கால்சியமும் மின்னழுத்தமும்.

பிகே கால்வாயைப் பற்றிய அறிவுக்குத் தமிழ்நாட்டிலும் காணப்படும் செந்தேளின் பங்கு பெரிது. மாதனூர், ஆம்பூர் வட்டாரத்தை ஒத்த வறண்ட, கல் மிகுந்த நிலம் இதற்கு ஏற்றது. ஹாட்டன்டோட்டா டாமுலஸ் என்ற இத்தேளின் நஞ்சிலிருந்து 1990-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஐபீரியோடாக்சின், 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். கதவு திறந்திருந்தாலும் இது துளையின் வெளிவாயில் தக்கைபோல் அமர்ந்து அயனி ஓட்டத்தை நிறுத்திவிடும். பிகே கால்வாயை மட்டும் தேர்ந்து அடைப்பதால், ஒரு திசுவில் அதன் வேலை என்ன என்பதைப் பிரித்தறிய ஆய்வகங்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆட்கொல்லி என்று மட்டும் எழுதப்பட்டுவந்த உயிருக்கு இந்தப் பெருமையும் சேர வேண்டும்.

கொட்டுப்பட்டவருக்கு முதன்மையான ஆபத்து இத்தேளின் நஞ்சிலுள்ள வேறு நச்சுகளால் வருகிறது. அவை சோடியம் கால்வாய்களை மூடவிடாமல் செய்ய, பரிவு நரம்புகள் கட்டுமீறித் தூண்டப்பட்டு, வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, நுரையீரலில் நீர் கோக்கிறது. குழந்தைகளுக்கு இது உயிராபத்து. மகாராஷ்டிரத்தின் மகாடில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் கையாண்ட பிரசோசின் மாத்திரை இறப்பை வெகுவாகக் குறைத்தது. அது சீக்கிரம் கொடுக்கப்பட வேண்டும். மந்திரிப்பில் நேரம் போக்கக் கூடாது.