ஆங்கில இலக்கணமும் அன்றாட வழக்கும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இலக்கணம் வழக்கை ஆள்கிறதா, வழக்கு இலக்கணத்தை ஆள்கிறதா என்பது கவிஞர் கூடும் இடங்களிலெல்லாம் எழும் வினா. இதற்கு ஆங்கில மொழியின் வரலாறு தரும் விடை நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் காதால் கற்றவர் அல்லர், நூலால் கற்றவர். 1930களில் வழக்குக்கு வந்த ரென்-மார்ட்டின் இலக்கண நூலே தலைமுறை தலைமுறையாக நமக்கு ஆங்கிலத்தின் எல்லையாக நின்றது. அந்நூல் விதித்தது ஒன்றும் ஆங்கிலேயர் பேசியது மற்றொன்றுமாக இருந்த இடங்கள் பல. அவற்றில் தடுக்கி விழுந்த மாணவன் தன் அறிவையே நொந்துகொண்டான்.

இலத்தீன் அச்சு

ஆங்கிலத்துக்கென முதல் இலக்கண நூலை 1586இல் வெளியிட்டவர் வில்லியம் புல்லோகர். இலத்தீனுக்குரிய ஒழுங்கு தம் தாய்மொழிக்கும் உண்டு என நாட்டுவது அவர் நோக்கம். ஆகவே, லில்லியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணத்தையே அச்சாகக் கொண்டார். ஆனால், அந்த அச்சில் அடங்காத மொழியாக ஆங்கிலம் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்பிரட் மன்னன் காலத்து ஆங்கிலம், தமிழைப் போலவே வேற்றுமையை ஈறுகளால் காட்டிற்று. 'புலவன் மன்னனைக் கண்டான்' என்றாலும் 'மன்னனைப் புலவன் கண்டான்' என்றாலும் நமக்குப் பொருள் மாறுவதில்லை. 'ஐ' உருபு காவல் நிற்கிறது. ஸ்காண்டிநேவியரின் குடியேற்றமும் 1066இல் நிகழ்ந்த நார்மானியரின் வெற்றியும் கண்ட நூற்றாண்டுகளில், பேச்சில் அழுத்தம் பெறாத ஈறுகள் தேய்ந்து மறைந்தன. சொல் நிற்கும் இடமே வேற்றுமையாயிற்று. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் இன்றைய வரிசை இவ்வாறு உறுதிப்பட்டதே. எந்தப் புலவரும் இதனை விதிக்கவில்லை.

மறைந்த 'நீ'

முன்னிலைப் பெயரின் வரலாறு கவிஞர்க்கு இன்னும் சுவை தருவது. 'தௌ' என்பது ஒருமை. 'யூ' என்பது பன்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கின் செல்வாக்கால், மேலோர் ஒருவரையும் பன்மையால் அழைக்கும் முறை பரவியது. 'நீ', 'நீங்கள்' என்னும் நம் வேறுபாட்டுக்கு இது மிக நெருங்கியது. 1603இல் வால்டர் ராலே மீது நடந்த இராசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதிட்ட எட்வர்டு கோக் அவரை இழிவுபடுத்தக் கையாண்ட கருவிகளுள் ஒன்று 'தௌ' என்னும் சொல்லாகும். அதே நூற்றாண்டின் இடைப்பகுதியில் தோன்றிய குவேக்கர் சமயத்தார், இறைவன் முன் யாவரும் ஒருவரே எனக் கொண்டு, நீதிபதியையும் 'தௌ' என்றே விளித்தனர். அதன் பொருட்டு வசைக்கும் அடிக்கும் ஆளாயினர்.

எனினும் மக்கள் நாவு வேறு வழி சென்றது. யாரை எப்படி அழைப்பது என்னும் ஐயத்துக்கு இடமின்றி எல்லாரையும் 'யூ' என்றே அழைக்கலாயினர். 'தௌ' சில வட்டார வழக்குகளிலும் வழிபாட்டிலும் கவிதையிலும் ஒதுங்கியது. நெருக்கத்தின் சொல்லாக இருந்தது, வழிபாட்டில் தங்கிய காரணத்தால், இன்று பெருமிதத்தின் சொல்லாக ஒலிக்கிறது. ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்குவோர் இதனை மறத்தலாகாது. ஒவ்வொரு 'யூ'வுக்கும் நீ, நீர், நீங்கள் என மூன்று வாயில்கள் உள்ளன; எதனைத் திறப்பது என்பதைக் கவிதையின் உறவே சொல்ல வேண்டும்.

குற்றம் விதியான கதை

'அவனை அறிவாயா?' என்பதை ஷேக்ஸ்பியர் காலத்தவர் 'நோ யூ ஹிம்?' எனவும் கேட்டனர்; 'டூ யூ நோ ஹிம்?' எனவும் கேட்டனர். பின்னதே நின்றது. 'செய்' என்னும் பொருளுடைய வினை, தன் பொருளை இழந்து வினாவுக்கும் எதிர்மறைக்கும் வெறும் தாங்குகோலாயிற்று.

'வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்னும் பொருளில் முன்னர் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே கூறினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங் பில்ட்' என்னும் புதிய அமைப்புத் தலைகாட்டியது. 1870இல் அமெரிக்கரான ரிச்சர்டு கிராண்ட் ஒயிட் தம் நூலில் இதனைக் கண்டிக்கவே ஓர் இயலை ஒதுக்கினார். இன்று இதனைப் பிழை என்பார் இல்லை. செயப்பாட்டு வினைப் பயிற்சியில் நம் மாணவர் மனப்பாடம் செய்யும் அமைப்பே இதுதான்.

சட்டம் இயற்றியோர்

இவ்வாறு ஓடிய ஆற்றுக்குக் கரை கட்ட முயன்றோர் எளியவர் அல்லர். வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல் நிற்பதை 1672இல் குறைகூறிய கவிஞர் டிரைடன், 1668இல் தாம் வெளியிட்ட நாடகக் கட்டுரையையே 1684ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கேற்பத் திருத்தினார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக விளங்கி, எபிரேயக் கவிதையின் இணையடி நெறியை விளக்கிய பேரறிஞர். அவரே ஷேக்ஸ்பியரிடமும் மில்டனிடமும் இலக்கணப் பிழை கண்டார். 1795இல் லிண்ட்லி மரே, யார்க் நகரப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதிய இலக்கணம் இவ்விதிகளை ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பறைகளுக்கெல்லாம் கொண்டு சென்றது.

தன்மைக்கு 'ஷல்', ஏனைய இடங்களுக்கு 'வில்' என்னும் விதி 1653இல் ஜான் வாலிஸ் எழுதிய நூலில் வருகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் மாணவர் அதற்காக மதிப்பெண் இழந்தனர்.

செவிகொடுத்த அறிஞர்

மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்பெர்சன் 1909 முதல் 1949 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த தம் ஆங்கில இலக்கணத்தில், விதியைக் கூறுமுன் சான்றுகளைத் திரட்டினார். அமெரிக்கரான சார்லஸ் ஃபிரீஸ் 1925இல் நாடக உரையாடல்களை ஆராய்ந்து, 'ஷல்', 'வில்' விதி வழக்கோடு பொருந்தாமையைக் காட்டினார். 1940இல் பொதுமக்கள் அரசுக்கு எழுதிய கடிதங்களையும், 1952இல் பதிவுசெய்யப்பட்ட உரையாடல்களையும் அடிப்படையாகக் கொண்டு இலக்கண நூல்கள் தந்தார்.

1959இல் ராண்டால்ஃப் குவர்க் ஆங்கில வழக்காய்வைத் தொடங்கினார். அது விரைவில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலைகொண்டது. ஒவ்வொன்றும் 5,000 சொற்கள் கொண்ட 200 பனுவல்கள். பத்து இலட்சம் சொற்கள். அவற்றுள் பாதி பேச்சு. தாள்களில் தட்டச்சிட்டு, பெட்டிகளில் அடுக்கி, கையால் எண்ணிய காலம் அது. 1999இல் டக்ளஸ் பைபரும் பிறரும் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், கணிப்பொறியின் துணையால், ஏறத்தாழ நான்கு கோடிச் சொற்களை ஆராய்ந்தது.

எண்ணிக்கை காட்டியது யாது? உரையாடலில் நிகழ்தொடர் வினையே மிகுதி என ஆசிரியர் பலர் கருதியிருக்க, எளிய வினை வடிவமே பன்மடங்கு மிகுந்திருந்தது. செயப்பாட்டு வினை ஆய்வு எழுத்தில் நூற்றுக்கு 25 அளவில் வர, உரையாடலில் 2 அளவிலேயே வந்தது. சொல், பெறு, போ, அறி, நினை, காண், செய், வா, எடு, வேண்டு, கொடு, கருது என்னும் பொருளுடைய பன்னிரண்டு வினைகளே உரையாடலின் முதன்மை வினைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 45ஐ நிரப்பின. நாம் வகுப்பறையில் நெடுங்காலம் உருட்டிய செயப்பாட்டு வாக்கியங்கள் அம்மக்களின் நாவில் அருகியே வழங்குவன.

நமக்குரிய பாடம்

பெருவழக்கே சிறந்தது என இதனால் முடிவு கட்டுதல் தவறு. எண்ணிக்கை எது மிகுதி என்று கூறும். எது அழகு என்று கூறாது. மக்கள் பேசும் மொழியைக் கவிதைக்கு உரியதாக்க வேண்டும் என 1800இல் முன்னுரை எழுதிய வேர்ட்ஸ்வொர்த்தே, வழக்கொழிந்த 'தௌ'வைத் தம் பாடல்களில் ஆண்டார். வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் ஆராய்ந்து தொல்காப்பியர் நூல் செய்தார் என அதன் பாயிரம் உரைக்கிறது. ஆங்கிலேயர் நெடுந்தொலைவு சுற்றி வந்தடைந்த நிலை நமக்குத் தொடக்கத்திலேயே வாய்த்தது.

வாய்த்ததைக் காத்தோமா என்பதே கேள்வி. பத்தாண்டுகளாகக் கவிதைகளைத் தொகுத்துவரும் நம் வட்டம், அடுத்த பத்தாண்டுகளில் உழவர், நெசவாளர், மீனவர், சந்தை வணிகர் ஆகியோரின் பேச்சையும் அவர்தம் ஒப்புதலோடு பதிவுசெய்து தொகுக்குமாயின், நாளை தமிழ் வழக்குக்கு இலக்கணம் காண வருவோர்க்கு அது பயன்படும். ஒரு சொல்லைக் 'கொச்சை' என ஒதுக்குமுன், அது எத்தனை நாவுகளில் எத்தனை காலம் வாழ்ந்தது எனக் கேட்டறியும் பொறுமையையும் அப்பணி நமக்குக் கற்பிக்கும்.